முதுமைப் பராமரிப்புக் காப்புறுதி: நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவர் யார்?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசித்து முடிந்த கையோடு, காப்புறுதியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்கின்றான். நிர்வாகக் குழு யாரோ ஒரு முகவரை அழைத்து வந்துவிட்டதோ என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழுந்திருக்கலாம். நான் முகவன் அல்லன். எந்த நிறுவனத்திடமிருந்தும் எனக்குத் தரகுத் தொகை வருவதில்லை. ஆயினும் உங்கள் உள்ளத்தில் எழுந்த அந்த ஐயமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். காப்புறுதி என்ற சொல்லைக் கேட்டவுடன் விற்பனையாளர்தான் நம் நினைவுக்கு வருகின்றார். விற்பவரையன்றி வேறொருவர் அதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், அவருக்கு உரிய ஊதியத்தைப் பொதுப்பணத்திலிருந்து அரசு தர வேண்டும், அந்த விளக்கம் நாம் திட்டத்தில் சேரும் நாளோடு நின்றுவிடாமல் நம் வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழும் நாள்வரை தொடர வேண்டும் என்பதே என் கருத்து.

எதைப் பற்றிய காப்புறுதி என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன். மருத்துவமனைக் கட்டணத்துக்கு மெடிஷீல்டு லைஃப் இருக்கின்றது, அது வேறு. முதுமையிலோ, விபத்தினாலோ, பக்கவாதத்தினாலோ ஒருவர் தம் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்ய இயலாத நிலையை அடைந்தால், அவருக்கு மாதந்தோறும் ரொக்கமாக ஒரு தொகை தருவது நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி. சிங்கப்பூரில் அது 2002ஆம் ஆண்டு எல்டர்ஷீல்டு என்னும் பெயரில் தொடங்கியது. 2020 அக்டோபர் முதல் கேர்ஷீல்டு லைஃப் என்னும் புதிய திட்டமாக வளர்ந்தது.

இத்திட்டத்தின் கதவு ஒரு கணக்கினால் திறக்கின்றது. குளித்தல், உடை உடுத்தல், உண்ணுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறி அமர்தல் ஆகிய ஆறு காரியங்களில் மூன்றைப் பிறர் துணையின்றிச் செய்ய முடியாதவரே ‘கடுமையான உடற்குறை உடையவர்’ எனக் கணிக்கப்படுகின்றார். இந்தக் கணக்கில் நோயின் பெயருக்கு இடமில்லை. நீரிழிவா, இருதய நோயா, மறதி நோயா என்று எவரும் கேட்பதில்லை. ஆறில் எத்தனை என்றுதான் கேட்கின்றனர்.

நம் வீடுகளில் பிழை நேர்வதும் இந்த இடத்தில்தான். எண்பது வயது மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். தம் கையாலேயே சாப்பிடுகின்றார். வந்தவர்களை அடையாளம் கண்டு நலம் விசாரிக்கின்றார். நாற்காலியில் அமர்ந்து ஐவேளைத் தொழுகையையும் நிறைவேற்றுகின்றார். ஆனால் மருமகள் பிடித்துத் தூக்காமல் அவரால் கட்டிலை விட்டு எழ முடியாது. குளிப்பாட்டி, உடுத்திவிட ஆள் வேண்டும். “அம்மாவுக்கு என்ன, அல்ஹம்துலில்லாஹ், நன்றாகத்தான் இருக்கின்றார்” என்று மகன் சொல்வார். அது நன்றியுள்ள சொல்தான். ஆனால் அந்த அம்மையாருக்கு ஆறில் மூன்று நிறைந்துவிட்டது. விண்ணப்பித்திருந்தால் மதிப்பீட்டுக்குப் பின் மாதத்தொகை வந்திருக்கும். தொகை வேண்டாம் என்று எவரும் மறுக்கவில்லை. அப்படி ஒன்று உண்டென்பதே அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது.

இது எங்கோ ஒருவருக்கு நேரும் காரியம் அன்று. 65 வயதில் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் சிங்கப்பூரர்களில் இருவரில் ஒருவர் வாழ்நாளில் என்றேனும் கடுமையான உடற்குறையை அடையக்கூடும் என்பது அரசின் கணிப்பு. அந்நிலையில் இருப்போரில் பாதிப் பேர் நான்காண்டுகளோ அதற்கு மேலோ அப்படியே வாழ்வர். பத்தில் மூவர் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். பத்தாண்டு என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். அத்தனை ஆண்டுகளும் ஒரு மகளோ மருமகளோ வேலைக்குச் செல்லாமல் வீட்டில் இருந்தாக வேண்டும். அல்லது பணிப்பெண்ணுக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருகின்றேன். 2002இல் எல்டர்ஷீல்டு தொடங்கியபோது, நாற்பது வயதை எட்டிய, மெடிசேவ் கணக்கு உடையவர்கள் தாமாகவே அதில் சேர்க்கப்பட்டனர். விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம் என்று வழியும் விடப்பட்டது. மாதம் 300 வெள்ளி, ஐந்தாண்டு வரை. 2007 முதல் அது 400 வெள்ளியாகவும் ஆறாண்டாகவும் உயர்ந்தது. திட்டத்தை நடத்தியவை தனியார் காப்புறுதி நிறுவனங்கள். தொடங்கிய ஆண்டில், சேர்க்கப்பட்டவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் விலகிக்கொண்டனர். நம் ஜமாஅத்திலும் அன்று விலகியவர்கள் உண்டு. அவர்கள் கூடிக் கலந்து ஆராய்ந்து விலகினார்கள் என்று நான் நம்பவில்லை. வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் மெடிசேவிலிருந்து பணம் பிடிக்கப்படும் என்று இருந்தது. கூடவே ஒரு விலகல் படிவமும் இருந்தது. படிவத்தில் கையொப்பமிடுவது எளிது. கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்வது அரிது. பின் வந்த ஆண்டுகளில் விலகுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் முதலில் விலகிய தலைமுறைதான் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டு நிற்கும் தலைமுறை என்பதை மறந்துவிட வேண்டாம். அவர்களும் விண்ணப்பித்து கேர்ஷீல்டு லைஃபில் சேர 2021இன் இறுதியில் வழி திறக்கப்பட்டது. ஆனால் கடுமையான உடற்குறை ஏற்கெனவே வந்துவிட்டவர் அதில் சேர முடியாது.

பொதுப்பணத்தைச் செலவிட்டு மக்களுக்கு இந்தக் காப்புறுதியைக் கற்பிக்கும் முயற்சி பிற நாடுகளிலும் நடந்திருக்கின்றது. அமெரிக்காவின் அனுபவம் நமக்கு நல்ல பாடமாகும். அங்கே 65 வயதைக் கடந்தோருக்கு மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்புறுதி உண்டு. ஆனால் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டும் நீண்டகாலப் பராமரிப்புக்கு அது பணம் தருவதில்லை. தரும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். மெடிகெய்டு என்னும் மற்றொரு திட்டம் தருகின்றது. ஆனால் அது வறியோருக்கானது, கையிருப்பை ஏறத்தாழ முழுவதும் கரைத்த பின்னரே அதன் வாசலை அடைய முடியும். இந்த அறியாமையைப் போக்க 2005ஆம் ஆண்டு மத்திய அரசு ஐந்து மாநிலங்களுடன் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. உங்கள் எதிர்காலத்துக்கு நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். ஐம்பது முதல் எழுபது வயதுவரை உள்ளவர்களின் வீடுகளுக்கு ஆளுநரே எழுதிய கடிதம் சென்றது. அடுத்து, 2006 பிப்ரவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், இத்தகவலைப் பரப்பும் மையம் ஒன்றுக்கு ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 30 இலட்சம் டாலரை ஒதுக்கியது.

நல்ல முயற்சி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதே சட்டம், தனியார் நிறுவனத்திடம் இக்காப்புறுதியை வாங்குவோருக்கு ஒரு சலுகையையும் நாடெங்கும் விரிவாக்கியது: காப்புறுதி வழங்கிய தொகைக்கு ஈடான சொத்தை, மெடிகெய்டு பெறும்போதும் அவர்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். கடிதம் வேறு ஏற்பாடுகளையும் எடுத்துரைத்தது உண்மைதான். என்றாலும், பாடம் நடத்தப் பணம் அரசினுடையது, பாடத்தின் முடிவில் மாணவர் சென்று நிற்கும் கடை தனியாருடையது என்றால், கற்பிப்பதற்கும் விளம்பரத்துக்கும் நடுவே உள்ள கோடு மங்கிவிடுகின்றது. அந்தக் கடையிலும் பின்னாளில் சிக்கல்கள் தோன்றின. எத்தனை பேர் திட்டத்தை இடையில் கைவிடுவர், எத்தனை காலம் வாழ்வர் என்று நிறுவனங்கள் போட்ட கணக்குகள் பொய்த்தன. பழைய வாடிக்கையாளர்களின் சந்தா மீண்டும் மீண்டும் உயர்த்தப்பட்டது. பல நிறுவனங்கள் இத்தொழிலையே விட்டு விலகின. பென் டிரீட்டி என்னும் நிறுவனம் 2017இல் நீதிமன்ற ஆணைப்படி கலைக்கப்பட்டது. அரசே நடத்தும் விருப்பத் திட்டம் ஒன்றுக்கு 2010இல் சட்டம் இயற்றினர். அது நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது.

ஆயினும் அந்நாட்டிலேயே எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி, ஒவ்வொரு மாநிலத்திலும் முதியோருக்குக் காப்புறுதி ஆலோசனை வழங்கும் திட்டத்துக்கு மத்திய அரசு மானியம் தருகின்றது. பயிற்சி பெற்றவர்கள், அவர்களில் பலர் தொண்டூழியர்கள், முதியவருக்கு அருகில் அமர்ந்து அவர் கையில் உள்ள ஆவணத்தைப் படித்துச் சொல்கின்றனர். அவர்கள் எதையும் விற்பதில்லை. “உங்களுக்கு இது தேவையில்லை” என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. தரகுத் தொகையை நம்பி வாழ்பவருக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வது எத்துணைக் கடினம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. முகவர்களை நான் குறை கூறவில்லை. நம் ஜமாஅத்திலேயே நாணயமான முகவர்கள் இருக்கின்றார்கள். கடைக்காரர் தம் பொருளைப் புகழ்வது இயல்பு. அதையே நம் பாடநூலாகக் கொள்வது நம் பிழை.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2014இல் முன்னோடித் தலைமுறைக்கான சலுகைகளை அறிவித்தபோது அரசு வேறொரு வழியை மேற்கொண்டது. ஏறத்தாழ நான்கரை இலட்சம் முதியோருக்கு அவற்றை விளக்க வேண்டியிருந்தது. கடிதத்தோடு நிற்காமல், அதற்கென்றே ஓர் அலுவலகம் அமைத்து, தொண்டூழியத் தூதர்களுக்குப் பயிற்சி அளித்து வீடு வீடாக அனுப்பியது. அவ்வலுவலகமே 2018இல் மூத்த தலைமுறை அலுவலகமாகி, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் கீழ் இயங்குகின்றது. 2016இல் அரசு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் தொடங்கிய 1979 முதல் சீன வட்டார மொழிகளுக்குத் தொலைக்காட்சியில் இடம் சுருங்கியிருந்தது. அப்படியிருந்தும், ஹொக்கியன் மட்டுமே அறிந்த பாட்டிமாருக்கு அரசுத் திட்டங்கள் புரிய வேண்டும் என்பதற்காக, ஹொக்கியன் மொழியிலேயே ஒரு தொடர் நாடகம் தயாரித்து ஒளிபரப்பினார்கள். நெடுங்காலக் கொள்கையையே சற்று நெகிழ்த்திக்கொண்டு, அந்தப் பாட்டிக்குப் புரியும் மொழியில் பேசப் பொதுப்பணம் செலவிடப்பட்டது. இதை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

நமக்கோ தமிழ் ஆட்சிமொழியாகவே இருக்கின்றது. துண்டறிக்கைகள் தமிழிலும் அச்சாகின்றன. ஆனால் அந்தத் தமிழ் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் இறங்கி வந்த தமிழ். ‘செயற்பாட்டுச் சார்புநிலை’ என்று எழுதினால், கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கணவரோடு வந்து ஐம்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்த நம் தாய்மாருக்கு என்ன விளங்கும்? “கட்டிலை விட்டு எழும்ப ஆள் வேண்டுமா?” என்று கேட்டால் உடனே விளங்கும். ஆகவே தமிழில் இருக்கின்றதா என்று மட்டும் பார்த்தல் போதாது. யார் வாயிலிருந்து, எந்த இடத்தில் அத்தமிழ் வருகின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னிடம் கூர்மையாகவே ஒரு கேள்வியை எழுப்பினார். விளக்குவதற்குச் செலவிடும் பணத்தை நேரே நோயாளிக்கே கொடுத்துவிடலாமே, மேலும் 1980இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குத் திட்டம் கட்டாயம் என்று ஆகிவிட்ட பிறகு விளக்கம் எதற்கு என்றார். கட்டாயம் என்பது சேருவதற்குத்தான். முப்பது வயதில் மெடிசேவிலிருந்து சந்தா தானாகக் கழிகின்றது. கட்ட இயலாதவருக்கு உதவியும் உண்டு, இயலாமையால் எவரும் வெளியேற்றப்படுவதில்லை. சந்தா தானாகக் கழிகின்றது. ஆனால் மாதத்தொகை தானாக வருவதில்லை. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். எவரும் விளக்காத திட்டத்தில் பணம் செலுத்தியவர் அதன் பலனைப் பெறாமலே மறைந்தால், நோயாளிக்கென்று ஒதுக்கிய பணமும் நோயாளியைச் சென்றடையவில்லை என்றுதான் பொருள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை சிறியனவும் அல்ல. கேர்ஷீல்டு லைஃப் தொடங்கிய 2020இல் மாதத்தொகை 600 வெள்ளி. ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்ந்து 2025இல் 662 வெள்ளியாயிற்று. 2026 முதல் 2030 வரை ஆண்டுக்கு 4 விழுக்காடு உயரும் என்று முடிவாகியுள்ளது. கோரிக்கை ஏற்கப்படும்போது உள்ள தொகையே பின்னர் நிலைக்கும். எல்டர்ஷீல்டைப் போல் ஆண்டுக்கணக்கு இதற்கில்லை. உடற்குறை நீடிக்கும்வரை வாழ்நாள் முழுதும் வரும். பெண்களுக்குச் சந்தா அதிகம் என்பதையும் நம் சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும். 2020இல் முப்பது வயது ஆணுக்கு ஆண்டுக்கு 206 வெள்ளி, பெண்ணுக்கு 253 வெள்ளி, அரசுக் கழிவுகளுக்கு முன். பெண்கள் நீண்ட காலம் வாழ்கின்றனர், நீண்ட காலம் உடற்குறையோடும் வாழ்கின்றனர் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இது நியாயமா என்று 2018இல் பலர் கேட்டனர், நானும் கேட்கின்றேன். பிறரைப் பராமரிப்பதில் பெரும்பங்கைச் சுமப்பவர்களும் அவர்களே அல்லவா?

எந்தக் காப்புறுதியிலும் இல்லாத மூத்தோருக்கும் சில வழிகள் உண்டு. முன்னோடித் தலைமுறையைச் சேர்ந்து, ஆறில் மூன்று காரியங்களுக்கு எப்போதும் துணை தேவைப்படுவோருக்கு மாதம் 100 வெள்ளி தரும் திட்டம் 2014இல் வந்தது. வசதி குறைந்தோருக்கான எல்டர்ஃபண்ட் 2020இல் வந்தது. மெடிசேவில் மிச்சம் இருப்பவர் அதிலிருந்தே மாதந்தோறும் ஒரு தொகையை ரொக்கமாக எடுக்கும் வழியும் அதே ஆண்டில் திறந்தது. வீட்டில் பராமரிப்போருக்கான மானியம் 2019இல் தொடங்கியது. இவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. “எங்கள் அத்தாவுக்கு ஆறில் மூன்று முடியவில்லை, எவை எவை கிடைக்கும்?” என்ற ஒரு கேள்வியை ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டால் போதும்.

மார்க்கம் என்ன சொல்கின்றது என்று நீங்கள் கேட்பது நியாயமே. தீர்ப்புச் சொல்வது என் தகுதிக்கு அப்பாற்பட்டது. அதற்கு உலமாக்களும், முயிஸ் மன்றத்தின் ஃபத்வாக் குழுவும் இருக்கின்றனர். 1985இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான சந்தாவுடன் நடத்தப்படும் வணிகக் காப்புறுதியை ஆகாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நன்கொடை அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதியை ஏற்கத்தக்கது என்றும் தீர்மானித்ததை மட்டும் நினைவூட்டுகின்றேன். இலாப நோக்கின்றி அரசு நடத்தும் அடிப்படைத் திட்டத்தையும், அதற்கு மேல் தனியார் விற்கும் துணைத் திட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல், இரண்டையும் தனித்தனியே ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளியுங்கள்.

“பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை, அரசிடம் பணம் கேட்பது வெட்கம்” என்று கருதுவோரும் நம்மிடையே உண்டு. முதுமை எய்திய பெற்றோரிடம் பிள்ளைகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று திருமறை கற்பிப்பதை நாமெல்லாம் அறிவோம். அந்தக் கடமையை எந்தக் காப்புறுதியும் நம் தோளிலிருந்து இறக்கி வைக்காது. தந்தையைக் குளிப்பாட்டும் மகனுக்குக் கிடைக்கும் நன்மை, அந்த மாதத்தில் 600 வெள்ளி வந்தது என்பதால் குறைந்துவிடப் போவதுமில்லை. அது தந்தை தம் மெடிசேவிலிருந்து செலுத்திய சந்தாவின் பயன், அவருடைய உரிமை. உரிமையைக் கேட்டுப் பெறுவதை யாசகம் என்று எண்ணி, இரு வேலை பார்த்து உடல் நலிந்த மகன்களை நான் கண்டிருக்கின்றேன்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் என் வேண்டுகோளை வைக்கின்றேன். சௌத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா, அப்துல் கஃபூர், பென்கூலன் போன்ற, தமிழில் குத்பா நடைபெறும் பள்ளிவாசல்களோடு கலந்து பேசி, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு நாம் கூட்டாக ஒரு கடிதம் எழுத வேண்டும். நம்மவர்களில் தமிழ் பேசும் ஆண்களும் பெண்களுமாகச் சிலருக்கு அரசுச் செலவில் பயிற்சி வேண்டும் என்று கேட்க வேண்டும். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு மூதாட்டி தம்மால் கழிவறைக்குச் செல்ல முடியவில்லை என்பதை அந்நிய ஆணிடம் ஒருபோதும் சொல்ல மாட்டார். அவ்வாறு பயிற்சி பெறுவோர் காப்புறுதி முகவராக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் நாமே விதித்துக்கொள்வோம். பொதுப்பணம் கிடைக்கும்வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஜகாத் பெறுவோர் பட்டியலும் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவின் பட்டியலும் நம் அலுவலகத்தில் இருக்கின்றன. அப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஆறு கேள்விகளையும் ஒரு முறை கேட்டுவிடலாம்.

இன்று மஃரிபு தொழுகைக்குப் பின் வாசலருகே ஒரு மேசை போடப்பட்டிருக்கும். ஆறு காரியங்களையும் பேச்சுத் தமிழில் எழுதிய ஒரு தாள் அங்கே இருக்கும். வீட்டில் படுக்கையில் உள்ள பெரியவர் எவரேனும் இருந்தால், அத்தாளை எடுத்துச் சென்று வீட்டுப் பெண்களிடம் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். உண்மையில் என்ன முடிகின்றது, என்ன முடியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று குறி விழுந்தால் மறுநாளே அலுவலகத்தில் தெரிவியுங்கள்; விண்ணப்பத்தை நிரப்ப உதவுவோம். முதன்முறை மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை.